தொலைபேசி பிறந்ததும் வளர்ந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைபேசியின் வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பள்ளி மாணவர்கள் கேட்பதையே பெரியவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும், போகப்போகச் சிக்கலானவை. என் கருத்து ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருவியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்த இணைப்பகத்தைப் பற்றி, அதாவது எக்ஸ்சேஞ்சைப் பற்றி, யாரும் பேசுவதில்லை. இந்த வரலாற்றின் பெரும்பகுதி அங்கேதான் நடந்திருக்கிறது.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல்தானே? இதில் என்ன சந்தேகம்?

காப்புரிமை பெற்றவர் அவர்தான். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1847-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோருக்குப் பேசக் கற்பித்து வந்தார். அவருடைய தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. பின்னாளில் அவர் மணந்த மேபலுக்கும் கேட்காது. ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படி அதிர்கிறது என்பதிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்தது. அவர் முதலில் தேடியது தொலைபேசியை அல்ல. ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பும் வழியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். 1876 மார்ச் 7-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் தாமஸ் வாட்சனைக் கருவி வழியாக அழைத்தார். வாட்சனுக்குச் சொற்கள் புரிந்தன.

ஆனால் அவருக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த பிலிப் ரைஸ் 1861-இல் பிராங்பர்ட்டில் தம் கருவியை இயக்கிக் காட்டினார். இசையின் சுருதியை அது நன்றாகவே கடத்தியது. பேச்சுதான் தெளிவாக வரவில்லை. மின்னோட்டத்தை விட்டு விட்டு அனுப்பும் முறை அது. பேச்சுக்கு, குரலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து மின்னோட்டமும் இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். பெல்லின் காப்புரிமையின் உயிர்நாடி இந்த ஒரு கருத்துதான்.

மெயூச்சியிடமிருந்து பெல் திருடிவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

இங்கே இரண்டு கதைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அந்தோனியோ மெயூச்சி இத்தாலியர். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் குடியேறி, வறுமையில் வாழ்ந்தவர். 1871-இல் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு முன்னறிவிப்பை, அதாவது காப்புரிமை கேட்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் பத்திரத்தை, பதிவு செய்தார். 1874-க்குப் பிறகு அதைப் புதுப்பிக்கக் கட்டணம் கட்ட அவரால் முடியவில்லை. 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை அவருடைய உழைப்பைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அது பெல்லின் காப்புரிமையை ரத்து செய்யவில்லை. அந்தத் தீர்மானம் வந்த சில நாட்களிலேயே கனடா நாடாளுமன்றம் பெல்லைப் போற்றி மறு தீர்மானம் போட்டது. மெயூச்சியின் முன்னறிவிப்பில், குரலை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றும் முறை தெளிவாக எழுதப்படவில்லை. பணமிருந்தால் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்ற வருத்தம் எனக்கு உண்டு. வருத்தத்தை வைத்துத் திருட்டுப் பட்டம் கட்ட முடியாது.

இரண்டாவது கதை எலிஷா கிரேயினுடையது. 1876 பிப்ரவரி 14-இல் பெல்லின் விண்ணப்பமும் கிரேயின் முன்னறிவிப்பும் ஒரே நாளில் ஒரே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திரவத்தில் அமிழ்ந்த கம்பி குரலுக்கேற்ப மேலும் கீழும் அசையும் கருவியைக் கிரே விவரித்திருந்தார். மார்ச் 10-இல் பெல் வெற்றி கண்டதும் திரவக் கருவியில்தான். சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் விற்பனைக்கு வந்த பெல்லின் கருவிகள் திரவத்தை நம்பியவை அல்ல. அவை மின்காந்தத்தில் இயங்கியவை. நூற்றுக்கணக்கான வழக்குகளுக்குப் பிறகு 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் 4-க்கு 3 என்று பிரிந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பி வழியாகக் குரல் போகிறதா? அது எப்படி?

குரல் போவதில்லை. குரலின் வடிவத்தைச் சுமந்த மின்னோட்டம் போகிறது. பழைய ரிசீவரின் பேசும் பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன வட்டப் பெட்டி இருக்கும். அதன் முகப்பில் மெல்லிய தகடு, தகட்டுக்குப் பின்னால் பொடிப்பொடியான கரித்துகள்கள். பேசும்போது தகடு அதிர்கிறது. தகடு உள்ளே அழுந்தினால் துகள்கள் நெருங்குகின்றன. மின்தடை குறைந்து மின்னோட்டம் கூடுகிறது. தகடு வெளியே வந்தால் நேர்மாறு. மறுமுனையில் கூடிக் குறையும் அந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தைச் சுற்றிப் பாய, அது இன்னொரு தகட்டை இழுத்து விட்டு அதிரச் செய்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதில் குரலாகிறது. நாள்பட்ட கருவிகளில் கரித்துகள்கள் இறுகிப்போய்க் குரல் மங்கும். ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் துகள்கள் பிரிந்து குரல் திரும்பிவிடும்.

இந்தக் கரி முறை பெல்லுடையது அல்ல. 1877-இல் எடிசன் கரி வில்லையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி ஹன்னிங்ஸ் கரித்துகள்களைப் பயன்படுத்தினார். பெல்லின் கருவியில் பேசுபவரின் மூச்சு வலிமைதான் மின்சாரத்தை உண்டாக்கியது. அதனால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கரி முறையில் மின்சாரத்தைப் பேட்டரி தருகிறது. குரல் அதைக் கூட்டிக் குறைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. சாதாரணக் குரலில் பேசினாலும் தொலைவுக்குக் கேட்டது இதனால்தான்.

ரிசீவரில் நம் குரலே நமக்குக் கேட்கிறதே, அது கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே விடப்படுவது. அது துளியும் கேட்காவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக் கத்துவோம். அதிகம் கேட்டால் நம்மையறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும்படி அளவு பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் எண்களே கிடையாதாமே? பிறகு எப்படி அழைத்தார்கள்?

பெயரைச் சொல்லித்தான். முதல் வணிக இணைப்பகம் 1878 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு தொடங்கியது. அதை அமைத்த ஜார்ஜ் கோய், வண்டிக்குப் பூட்டும் போல்ட்டுகளையும் பெண்களின் பாவாடையைத் தூக்கிப்பிடிக்கும் கம்பியையும் வைத்துப் பலகையைச் செய்தார் என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்களுக்குத்தான் அதில் இடம். அடுத்த மாதம் வந்த தொலைபேசிப் பட்டியல் ஒரே தாள். அதில் பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை.

இணைப்பகத்தின் பெருமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். 21 பேரும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேச 210 கம்பிகள் வேண்டும். நடுவில் ஓர் இணைப்பகம் இருந்தால் 21 போதும். ஆயிரம் பேர் என்றால் நேரடிக் கம்பிகள் 4,99,500 ஆகும், இணைப்பகத்தோடு ஆயிரம்தான். இணைப்பகம் இல்லாமலிருந்தால் தொலைபேசி இரண்டு அறைகளுக்கு இடையிலான வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும்.

எண்கள் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் தட்டம்மை பரவியபோது, எல்லாப் பெயர்களையும் மனத்தில் வைத்திருக்கும் ஆபரேட்டர்கள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மருத்துவர் கேட்டாராம். எண் கொடுத்துவிட்டால் புதிதாக வருபவரும் அதே நாளில் வேலையைத் தொடங்கலாம். கதை எப்படியிருந்தாலும் காரணம் சரியானது.

ஆபரேட்டர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தது ஏன்?

முதலில் இருந்தவர்கள் தந்தி அலுவலகத்திலிருந்து வந்த சிறுவர்கள். சந்தாதாரர்களைத் திட்டுவதும் இணைப்பை மாற்றிப் போட்டு விளையாடுவதுமாக இருந்தார்கள். 1878 செப்டம்பர் 1-இல் பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் முதல் பெண் ஆபரேட்டர். பொறுமையான குரல் என்று நிறுவனங்கள் பாராட்டின. குறைந்த சம்பளம் என்பதும் காரணம். அதை மறைக்கக் கூடாது.

அந்த வேலையின் கடுமையைப் பலர் அறிவதில்லை. தலையில் கேட்புக் கருவி, மார்பில் பேசும் குழல், எதிரே நூற்றுக்கணக்கான துளைகள். ஒரு துளைக்கு மேல் சிறு விளக்கு எரிந்ததும் கம்பியின் முனையை அதில் செருக வேண்டும், எண்ணைக் கேட்க வேண்டும், இணைக் கம்பியை இன்னொரு துளையில் செருகி மணியடிக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் இரண்டையும் பிடுங்க வேண்டும். பின்னால் மேற்பார்வையாளர் நின்றுகொண்டே இருப்பார். 1919-இல் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்து தொலைபேசிச் சேவையையே நிறுத்திக் காட்டி ஊதிய உயர்வு பெற்றார்கள். முதல் உலகப் போரில் 200-க்கும் மேற்பட்ட பெண் ஆபரேட்டர்கள் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிரான்சுக்குப் போனார்கள். சீருடை அணிந்து, உறுதிமொழி எடுத்துப் பணியாற்றிய அவர்களை முன்னாள் படைவீரர்களாக ஏற்க அந்த நாட்டுக்கு 1977 வரை ஆயிற்று. அதற்குள் பெரும்பாலானவர்கள் இறந்துபோயிருந்தார்கள். தொலைபேசி வரலாற்றில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

சவ அடக்கம் செய்பவர் ஒருவர்தான் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடித்தாராம். கட்டுக்கதையா?

ஆள் உண்மை, தொழிலும் உண்மை. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று நம்பினார். ஆபரேட்டர் போட்டியாளரின் மனைவி என்று சேர்த்துச் சொல்லும் பகுதி மட்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. 1891-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இண்டியானாவின் லா போர்ட் நகரில் அவருடைய முறையில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது.

பொறியின் வேலையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். செங்குத்தான ஒரு தண்டு, அதில் ஒரு கை. 37 என்று டயல் செய்தால் தண்டு மூன்று படி மேலே ஏறுகிறது; பிறகு அந்த மட்டத்தில் ஏழு படி சுழன்று நிற்கிறது. பத்து மட்டம், மட்டத்துக்குப் பத்து முனை, ஆக ஒரு பொறிக்கு நூறு முனைகள். இப்படி வரிசையாகப் பொறிகளை அடுக்கினால் எத்தனை இலக்க எண்ணையும் எட்டலாம். இந்த அமைப்பு உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ நூறாண்டு உழைத்தது. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் இடைவிடாத டகடக ஓசை கேட்கும்.

சுழற்றும் டயலில் 0 ஏன் 9-க்குப் பிறகு வருகிறது?

0 என்பது அங்கே பத்து. டயலைச் சுழற்றி விட்டதும் அது திரும்பி வரும்போது மின்னோட்டத்தை அறுத்து அறுத்துத் துடிப்புகளை அனுப்புகிறது. 1-க்கு ஒரு துடிப்பு, 9-க்கு ஒன்பது, 0-க்குப் பத்து. மேலே சொன்ன தண்டை ஒவ்வொரு படியாக ஏற்றுவது இந்தத் துடிப்புகள்தான்.

1947-இல் வட அமெரிக்காவுக்குப் பகுதிக் குறியீடுகள் வகுத்தபோது நியூயார்க்குக்கு 212 கிடைத்தது. மொத்தம் ஐந்தே துடிப்புகள். அதிக அழைப்புகள் போகும் நகரத்துக்குச் சீக்கிரம் டயல் செய்து முடிக்கும் எண். நியூசிலாந்தில் டயலின் எண்கள் தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தன. அங்கே 1-ஐச் சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். பிரிட்டனின் அவசர எண் 999 ஆகவும் நியூசிலாந்தின் அவசர எண் 111 ஆகவும் இருந்தாலும், இணைப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த துடிப்புகள் ஒன்றே.

பட்டன் போனில் 1, 2, 3 மேலே இருக்கிறது. கால்குலேட்டரில் கீழே இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

கால்குலேட்டர் பழைய கூட்டல் இயந்திரங்களின் வழி வந்தது. தொலைபேசிக்கு, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவான பெல் ஆய்வகம் பல அடுக்குமுறைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்து, 1960-இல் முடிவுகளை வெளியிட்டது. வேகத்திலும் பிழையிலும் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும் இப்போதுள்ள அமைப்பு நன்றாக அமைந்தது. 1963 நவம்பரில் பொதுமக்களுக்கு வந்தது. இதில் துடிப்புகள் கிடையாது. ஒவ்வொரு பட்டனும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கும். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருதி என்றால் பேச்சிலோ இசையிலோ தற்செயலாக வந்துவிடும். குறிப்பிட்ட இரண்டு சேர்ந்து வருவது அரிது.

கரண்ட் போனாலும் பழைய போன் வேலை செய்ததே, எப்படி?

அந்தப் போனுக்கு மின்சாரம் வீட்டிலிருந்து வரவில்லை. இணைப்பகத்தின் பேட்டரி அறையிலிருந்து, பேசும் அதே இரட்டைக் கம்பி வழியாக 48 வோல்ட் வந்தது. ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமையாகி மின்னோட்டம் பாய்கிறது. இணைப்பகம் அதைக் கண்டு டயல் டோன் கொடுக்கிறது. வரிசையாக நிற்கும் ஈயப் பேட்டரிகள், அவற்றுக்கும் மேலே ஜெனரேட்டர் என்று இணைப்பகங்கள் தயாராக இருந்தன.

அதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தனிப் பேட்டரி இருந்தது. மணியடிக்கக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். பேட்டரியை இணைப்பகத்துக்கு மாற்றியதால்தான் வீட்டுக் கருவி இவ்வளவு எளிதாகவும் பல்லாண்டு பழுதில்லாமலும் இருந்தது.

தொலைதூரம் பேசுவது ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? தந்தி கடலையே தாண்டிவிட்டதே?

தந்திக்கு மின்னோட்டம் உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதும். பேச்சுக்கு அதன் நுண்ணிய வடிவம் கெடாமல் வர வேண்டும். கம்பி நீள நீள அந்த வடிவம் தேய்கிறது. 1892-இல் நியூயார்க்கையும் சிகாகோவையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தார்கள். அதைத் தாண்டிப் போக, வழியிலேயே குரலைப் பெருக்கும் கருவி வேண்டியிருந்தது. வெற்றிடக் குழாய் வந்த பிறகே அது முடிந்தது. 1915 ஜனவரி 25-இல் நியூயார்க்கிலிருந்து பெல் பேச, சான் பிரான்சிஸ்கோவில் அதே வாட்சன் கேட்டார். 1876-இல் பக்கத்து அறையிலிருந்து வாட்சனைக் கூப்பிட்ட அதே வாசகத்தைச் சொல்லித் தம்மிடம் வரும்படி பெல் கூப்பிட, இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன்.

அட்லாண்டிக்கைத் தந்தி 1866-இலேயே நிலையாகத் தாண்டியது. தொலைபேசிக் கம்பிவடம் தாண்டியது 1956-இல். இடைப்பட்ட 90 ஆண்டுகளுக்குக் காரணம் அந்தப் பெருக்கிகள்தான். யாரும் போய்ப் பழுது பார்க்க முடியாத கடலடியில் அவை இருபதாண்டு இயங்க வேண்டும். 1927 முதல் ரேடியோ வழியாக நியூயார்க்கும் லண்டனும் பேசின. மூன்று நிமிடத்துக்கு 75 டாலர். 1956-இன் கம்பிவடத்தில் ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள். 1988-இல் இட்ட கண்ணாடி இழைவடத்தில், அதாவது ஃபைபர் கேபிளில், 40,000.

முன்பெல்லாம் வெளிநாட்டு அழைப்பில் பதில் தாமதமாக வந்தது ஏன்?

செயற்கைக்கோள் வழியாகப் போனதால். அது பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே கால் விநாடி ஆகிவிடும். பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்துவது அதனால்தான். கண்ணாடி இழைகள் வந்த பிறகு இது பெருமளவு மறைந்துவிட்டது.

போனில் பெயரைச் சொன்னால் 'ஸ', 'ஃப' இரண்டும் குழம்புகிறதே?

பழைய வலைப்பின்னல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தியது. 'ஸ' போன்ற உரசொலிகளின் அடையாளம் அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் இரண்டும் ஒரே சீறலாகிவிடும். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். அதுவும் கம்பியில் போவதில்லை. ஆனாலும் கட்டைக் குரல் கட்டைக் குரலாகவே கேட்கிறது. மேலே உள்ள கிளைச் சுருதிகளிலிருந்து விடுபட்டதை நம் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

டிஜிட்டல் தொலைபேசியும் இந்த அளவிலேயே கட்டப்பட்டது. குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட்டுகள். அந்த எண்தான் பல பத்தாண்டுகள் உலகத் தொலைபேசியின் அடிப்படை அலகாக இருந்தது.

செல்போனைக் கண்டுபிடித்தவர் மார்ட்டின் கூப்பரா?

கையில் எடுத்துச் செல்லும் செல்போனில் முதலில் பேசிக் காட்டியவர் அவர். 1973 ஏப்ரல் 3-இல், மோட்டோரோலா நிறுவனத்தின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றபடி, போட்டியாளரான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலை அழைத்தார். கருவியின் எடை ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் 'செல்' என்ற கருத்து 1947-இலேயே பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்டுவிட்டது. 1946-இல் செயின்ட் லூயிஸ் நகரில் வந்த கார் தொலைபேசியில் நகரம் முழுமைக்கும் ஒரே கோபுரம், விரல்விட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகள். நகரத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்தால் ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் வட்டாரங்களில் மீண்டும் பயன்படுத்தலாம். ஆள் நகரும்போது அழைப்பை அறுபடாமல் அடுத்த கோபுரத்துக்குக் கைமாற்ற வேண்டும். அதற்குக் கணினி வேண்டும். அதனால்தான் 1979-இல் டோக்கியோவில் வணிகச் சேவை தொடங்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. எண்களைப் பற்றிச் சொன்னபோது பார்த்த அதே கதை இங்கேயும்: கருவியைவிடப் பின்னாலிருக்கும் இணைப்பகமே கடினம்.

எஸ்.எம்.எஸ்.-இல் 160 எழுத்து என்றார்கள்; தமிழில் அனுப்பினால் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறதே?

குறுஞ்செய்திக்கு ஒதுக்கிய இடம் 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள் என்பதால் 160 கொள்ளும். தமிழ் எழுத்துக்குறிக்கு 16 பிட்டுகள், ஆகவே 70. 'த', 'ம' போன்ற அகர உயிர்மெய் ஒன்றாகவும், மற்ற உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் இரண்டிரண்டாகவும் கணக்காகும். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. செய்தியில் ஐந்து இடம் பிடிக்கும்.

செல்போன் அழைப்பு முழுக்கக் காற்றிலேயே போகிறதா?

இல்லை. உங்கள் கருவியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரைதான் காற்று. அதன் பிறகு பெரும்பாலும் தரையடியிலோ கடலடியிலோ உள்ள கண்ணாடி இழை.

எல்லாமே இணையம் வழியாகப் போகும்போது தொலைபேசி இணைப்பகம் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா?

பழைய பொருளில் மறைந்துகொண்டிருக்கிறது. முன்பு ஓர் அழைப்பு தொடங்கியதும் முனைக்கு முனை ஒரு பாதை முழுவதும் அந்த இருவருக்கே ஒதுக்கப்படும். பேசாமல் இருந்தாலும் அது அவர்களுடையதுதான். இப்போது குரல் சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, மற்ற தரவுகளோடு கலந்து போகிறது. எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவைக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைச் செய்வது மென்பொருள்.

பல நாடுகளில் செம்புக் கம்பியை அகற்றி வருகிறார்கள். அதோடு, இணைப்பகத்திலிருந்து வந்த 48 வோல்ட்டும் போகிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம்தான். தனியே வசிக்கும் முதியவர்களும், அவசர அழைப்புக்கு லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களும் இழை இணைப்புக்கு மாறும் முன், அந்தப் பெட்டிக்குத் துணைப் பேட்டரி உண்டா, அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.